தண்ணீருக்கு மூன்று விலை



பெங்களூரில் செங்கல் சுமந்து, சென்ட்ரிங் அடித்து, வீட்டு வேலை செய்து பிழைக்கும் நமக்கு ஒரு கணக்குத் தெரிந்தாக வேண்டும். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தால் அதற்கு அரசாங்கத்தில் என்ன விலை?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் ஒரு ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு அறிவித்த தொகை 2,000 ரூபாய். அதே புயலுக்கு, எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி அரசு அறிவித்தது 5,000 ரூபாய்.

ஆக, தண்ணீருக்கு மூன்று விலை. தலைநகரத்துத் தண்ணீருக்கு ஒன்று, அடுத்த சர்க்காரின் தண்ணீருக்கு ஒன்று, நம்மூர்த் தண்ணீருக்கு ஒன்று. எந்தத் தராசில் நிறுத்தார்கள்? நாம் கேட்பது இதைத்தான்.

விழுப்புரம் பக்கமிருந்து வந்தவர்களுக்கு அந்த எல்லையின் லட்சணம் தெரியும். ஒரு ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் புதுச்சேரி, அதற்கடுத்தது மறுபடியும் தமிழ்நாடு. பெண்ணையாற்றின் வெள்ளம் கடலூர் மாவட்டத்து வயலையும் மூழ்கடித்தது, புதுச்சேரியின் பாகூர் வயலையும் மூழ்கடித்தது. நெல் அழுகியதில் வித்தியாசம் கிடையாது. ஆனால் ஹெக்டேருக்கு இந்தப் பக்கம் 17,000 ரூபாய், அந்தப் பக்கம் 30,000 ரூபாய். வரப்பு தாண்டினால் பயிருக்கு மதிப்பு ஏறிவிடுகிறது!

தென் மாவட்டத்துத் தோழர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த தாலுகாக்களுக்கு 6,000, மற்ற இடங்களுக்கு 1,000 என்று கோடு கிழித்தார்கள். தாலுகா எல்லை எங்கே என்று ஆற்றுக்குத் தெரியுமா?

ஃபெஞ்சல் என்பது வெறும் காற்று அல்ல. கரையேறிய பிறகும் நகராமல் புதுச்சேரி அருகே நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை. மறுநாள் ஊத்தங்கரையிலும் அதே அளவு. ஊத்தங்கரைப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்து சேர்ந்தது. அணையின் கொள்ளளவு ஏழேகால் டி.எம்.சி.க்குச் சற்று மேல்தான். டிசம்பர் 2 அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்பு வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள்.

இந்த ஆறு நமக்கு அந்நியம் இல்லை. நந்தி மலையில் பிறந்து, நாம் மாடி மாடியாகக் கட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பெங்களூரின் ஓரமாகத்தான் போகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் சாத்தனூருக்கும் இறங்குகிறது. நாம் எந்த ஊரில் இருந்து கிளம்பி வந்தோமோ அந்த ஊருக்கு நம்மைவிட முன்னால் போய்ச் சேருகிறது.

அணையைத் திறக்குமுன் ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. இருக்கட்டும். யாரை எச்சரித்தார்கள்? மின்சாரம் போய், கைப்பேசி அணைந்து கிடந்த ஊரில், விடியற்காலை மூன்று மணிக்கு, ஓலைக் கூரைக்குக் கீழே படுத்திருந்த கிழவிக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்? கலெக்டர் ஆபீசிலிருந்து புறப்பட்டதா என்பது ஒரு கேள்வி. சேர வேண்டிய காதில் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. தபாலில் போட்டதற்கு ரசீது காட்டினால் கடிதம் கிடைத்தது என்று அர்த்தமா?

அகரம்பள்ளிப்பட்டு பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருவண்ணாமலை மாவட்டத்தில் பெண்ணையாற்றின் குறுக்கே ஏறக்குறைய 16 கோடி ரூபாயில் கட்டி, 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. மூன்று மாதம்! நாம் கொத்து வேலைக்காரர்கள். பாலம் என்றால் என்ன, சிமெண்டு என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எதிர்பாராத வெள்ளம் என்று சொல்லிவிட்டால் ஆற்றின் மேல் பழி போய்விடும். அதே எதிர்பாராத வெள்ளத்தில் வீட்டை இழந்தவன் மட்டும் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பேங்கு பாஸ்புக் நகல் என்று மூன்று நகலோடு வரிசையில் நிற்க வேண்டும்.

டிசம்பர் 3 அன்று திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருவேல்பட்டில் நடந்ததை நாடே பார்த்தது. சோறும் தண்ணீரும் வரவில்லை என்று ஜனங்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். பார்வையிட வந்த, அப்போது வனத்துறை அமைச்சராக இருந்த பொன்முடியின் மேல் சேறு விழுந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் செய்த வேலை என்று அமைச்சர் தரப்பில் சொன்னார்கள். மனிதர் மேல் சேறு எறிவதை நம் சங்கம் ஆதரிக்காது. யார் மேல் எறிந்தாலும் ஆதரிக்காது. ஆனால் ஒன்று கேட்கிறோம். சட்டையில் பட்ட சேற்றைப் பற்றி எத்தனை நாள் பேசினார்கள்? நெல் வயலில் முழங்கால் உயரத்துக்குப் படிந்த சேற்றைப் பற்றி எத்தனை நாள் பேசினார்கள்? சட்டையை அன்று மாலையே துவைத்துவிடலாம். வயலில் படிந்த மண்ணை வாரிக் கொட்ட ஜேசிபி வாடகை மணிக்கு என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியும். 17,000 ரூபாய் அதற்கே காணாது.

பணம் இல்லை, டில்லி கொடுக்கவில்லை என்பது சென்னையின் பதில். டில்லியின் யோக்கியதையையும் பார்ப்போம். தமிழக அரசு உடனடியாக 2,000 கோடி ரூபாய் கேட்டது. டிசம்பர் 6ஆம் தேதி மத்திய அரசு 944 கோடியே 80 லட்சம் விடுவித்ததாகப் பெருமையாக அறிக்கை வந்தது. அது என்ன பணம்? மாநிலப் பேரிடர் நிதிக்கு மத்திய அரசு வருஷா வருஷம் கட்ட வேண்டிய பங்கின் இரண்டு தவணை. புயல் வந்தாலும் வராவிட்டாலும் தர வேண்டிய தொகை. சம்பளத் தேதியில் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, போனஸ் கொடுத்தேன் என்று முதலாளி சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? தேசியப் பேரிடர் நிதியிலிருந்து தனியாக ஒதுக்கியது 522 கோடியே 34 லட்சம். அதுவும் 2025 ஏப்ரலில். கார்த்திகையில் நனைந்தவனுக்குப் பங்குனியில் குடை!

ஆனால் டில்லியைக் காட்டிச் சென்னை தப்பிக்க முடியாது. புதுச்சேரியின் கஜானா தமிழ்நாட்டின் கஜானாவைவிடப் பெரியதா? அவர்கள் 5,000 அறிவித்தார்களே! முந்தின வருஷம் 6,000 கொடுக்க வழி கண்ட அதே கோட்டை, அடுத்த வருஷம் 2,000 என்று குறைத்ததற்கு என்ன காரணம்? சென்னையில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் மோட்டார் சைக்கிளும் நாசமாகின, நஷ்டம் அதிகம் என்று ஒருவர் நம்மிடமே வாதாடினார். சரி. பிரிட்ஜ் போனால் வேலைக்குப் போகலாம். மாடு போனால்? விதைநெல் போனால்? தையல் மெஷின் சேற்றில் புதைந்தால்? இருப்பவனுக்கு நஷ்டம் பெரியதாகத் தெரியும். இல்லாதவனுக்கு அது தொழிலே போனது. சென்னையில் 6,000 வாங்கியவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர்களிலும் நம்மைப் போன்ற கூலிக்காரர்களே அதிகம். அந்த 6,000மும் அவர்களுக்குப் போதவில்லை. நமக்கும் அதைக் கொடு என்பதுதான் பேச்சு.

சர்க்காரின் விதிப் புத்தகம் என்ன சொல்கிறது? 2022 முதல் 2026 வரைக்கு மத்திய உள்துறை வகுத்த பேரிடர் நிவாரண விதிகளில், வீடு இரண்டு நாளுக்கு மேல் வெள்ளத்தில் கிடந்தால் துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500 என்று குடும்பத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறது. சேர்த்தால் 5,000. அதாவது ஏழையின் சட்டி பானைக்கும் வேட்டி சேலைக்கும் டில்லியே போட்ட மட்டமான மதிப்பு 5,000. விழுப்புரத்தில் அதற்கும் கீழே போனது ஏன்? விதிப் புத்தகம் பைலில் இருக்கிறது. பைல் பீரோவில் இருக்கிறது. பீரோ நனையவில்லை போலிருக்கிறது.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். ஊரில் இருப்பவனுக்கு 2,000. பெங்களூரில் இருப்பவனுக்கு? பூட்டிய வீட்டுக்கு டோக்கன் இல்லை. "வீட்டில் ஆள் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார்கள். ஆள் எப்படி இருப்பான்? அந்த ஊரில் கூலி இல்லாமல்தானே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கே வந்து, கட்டி முடியாத கட்டிடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் படுத்திருக்கிறான்! ஆள் இல்லை என்றால் வெள்ளம் அந்த வீட்டுக்குள் போகவில்லையா? உண்மையில் ஆள் இல்லாத வீட்டில்தான் நஷ்டம் முழுசு. எடுத்து மேலே வைக்கக்கூட ஒரு கை இல்லை.

சங்கத்துக்கு வந்து சொன்னவர்கள் பலர். ஒரு கொத்தனார் மூன்று நாள் வேலையை விட்டு, பஸ் பிடித்துப் போய், ரேஷன் கடையில் வரிசையில் நின்றார். கணக்கெடுப்பில் பெயர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவருடைய மூன்று நாள் கூலி அந்த 2,000 ரூபாயைவிட அதிகம். ஒரு சித்தாள் அம்மாவுக்குக் கல்லும் மண்ணும் சுமந்து கைரேகை தேய்ந்துவிட்டது. மெஷின் அவரை அடையாளம் காணவில்லை. உழைத்துத் தேய்ந்த விரலை மெஷின் ஏற்காதாம். இன்னொருவர் கூரை விழுந்த குடிசைக்கு 10,000 கேட்டார். புறம்போக்கு, பட்டா எங்கே என்றார்கள். இடத்துக்குத்தானே பட்டா? இடம் அங்கேயே இருக்கிறது, விழுந்தது கூரையல்லவா?

எந்த மாநிலத்தில் இருந்தாலும் ரேகை வைத்து அரிசி வாங்கலாம், ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு என்று சுவரெல்லாம் விளம்பரம். அரிசிக்கு நாடு ஒன்று. நிவாரணத்துக்கு மட்டும் சொந்தக் கடை, சொந்த விரல், சொந்த வாசல். பணத்தைப் பேங்கில் போட்டால் என்ன? நூறு நாள் வேலைக் கூலியைப் பேங்கில் போட்டவர்களுக்கு இது தெரியாதா? போட்டால் மேடை இல்லை, டோக்கன் இல்லை, கும்பிடு இல்லை. அதுதான் சங்கடம்.

நம்மில் சிலர் ரயில்வேயில் பேனா பிடிப்பவர்கள். இங்கேயும் குறை ஆயிரம் உண்டு; அதை வேறு இதழில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாயக் குறியைத் தாண்டியது. வண்டிகள் நின்றன, ரத்தாயின, வேறு வழியில் திரும்பின. பாலத்தின் தூணில் கோடு போட்டு வைத்திருக்கிறது. தண்ணீர் கோட்டைத் தாண்டினால் வண்டி போகாது. அமைச்சர் வந்து பார்க்க வேண்டியதில்லை, எந்த ஊர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டது என்று கேட்க வேண்டியதில்லை. அதேபோல ரயில் விபத்தில் டிக்கெட் வாங்கிய பிரயாணி இறந்தால் சட்டப்படி 8 லட்சம். ஏ.சி. பெட்டியிலும் அதே 8 லட்சம், முன்பதிவு இல்லாத பெட்டியிலும் அதே 8 லட்சம். சென்னையில் இறந்தாலும் அதுதான், விழுப்புரத்தில் இறந்தாலும் அதுதான்.

வெள்ள நிவாரணத்துக்கும் அப்படி ஒரு கோடு போடு என்கிறோம். தண்ணீர் வீட்டுக்குள் இந்த அளவு வந்தால் இந்தத் தொகை. எந்த மாவட்டமானாலும், எந்த வருஷமானாலும். முதலமைச்சர் அறிவிக்கும்வரை காத்திருக்கும் பிச்சையாக அது இருக்கக் கூடாது. எந்தக் கட்சி கோட்டையில் உட்கார்ந்தாலும் இதே கோரிக்கைதான். பிழைக்க வெளியே போன குடும்பத்தின் பூட்டிய வீட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். பணம் பேங்குக் கணக்குக்கு வர வேண்டும். பட்டா இல்லாத குடிசைக்கும் கூரை என்றால் கூரைதான்.

திருவண்ணாமலையில் டிசம்பர் 1 மாலை வ.உ.சி. நகரில் மலைச் சரிவு இடிந்து ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதில் ஐந்து குழந்தைகள். மலையடிவாரத்தில் ஏன் வீடு கட்டினார்கள் என்று பின்னால் கேட்டவர்கள் உண்டு. ஏழைக்கு வேறு எங்கே இடம் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று அவர்களைக் கேட்க ஆள் இல்லை.

ஃபெஞ்சல் நிவாரணம் மறுக்கப்பட்டவர்கள், பெயர் விடுபட்டவர்கள், குடிசைத் தொகை வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்துக்கு வாருங்கள். ரேஷன் கார்டு, வீட்டின் போட்டோ ஏதாவது இருந்தால் அது, மறுத்தபோது கொடுத்த சீட்டு, இவை போதும். மனு எழுதித் தருகிறோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியதைக் கேட்கிறோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம், ரேகை வைக்கலாம். நம் மேஜையில் தேய்ந்த ரேகையும் செல்லும்.