பள்ளிக்குப் போகும் வழி

சித்திரை பிறந்து, பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்குக் கதவடைத்து, கத்தரி வெயில் தாம்பரத்துத் தார்ச்சாலைகளை இளக்கத் தொடங்கும் காலத்தில், எங்கள் பக்கத்துத் தெருக்களில் வீடு தேடி வரும் குடும்பங்களை நாள்தோறும் காணலாம். தரகர் ஸ்கூட்டரில் முன்னே போக, திருநெல்வேலியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ உத்தியோக மாற்றல் பெற்று வந்த தம்பதிகள், பின் இருக்கையில் வாடிக் கிடக்கும் குழந்தைகளோடு, சுவருக்குச் சுவர் தொங்கும் 'டு லெட்' பலகைகளை வாசித்துக்கொண்டே வாடகைக் காரில் பின்தொடர்வார்கள். ஜூன் பிறப்பதற்குள் ஜாகை அமைய வேண்டும், பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும் என்ற இரட்டைக் கவலை அவர்கள் முகத்தில் எழுதியிருக்கும்.

இவ்வாண்டு அந்தக் கவலை என் வீட்டு வாசலுக்கே வந்தது. என் தமக்கையின் மகளும் அவள் கணவரும் பெங்களூரை விட்டு இங்கே வரத் தீர்மானித்து, மூன்று நாள் அவகாசத்தில் இடம் பார்த்துவிட்டுப் போகக் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மறைமலைநகரில் வேலை, அவளுக்குச் சோழிங்கநல்லூரில். பெண் ஏழாம் வகுப்புக்கும், பையன் மூன்றாம் வகுப்புக்கும் போக வேண்டியவர்கள். "மாமா, எங்கள் இருவருக்கும் நடுவாக இருப்பது தாம்பரம்தான் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் தாம்பரம் என்றால் எந்தத் தாம்பரம்?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. 2021-ஆம் ஆண்டில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி, பம்மல், அனகாபுத்தூர் முதல் பெருங்களத்தூர், மாடம்பாக்கம் வரை 70 வார்டுகளாக விரிந்துவிட்ட மாநகராட்சிக்குத்தான் இன்று தாம்பரம் என்று பெயர்.

இந்த ஊரே, இடம் பெயர்ந்து வந்தவர்களால் ஆனது. டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்கென இங்கே ஆரோக்கிய நிலையம் அமைத்தபோது அவர் தேடியது காற்றை. 'சானடோரியம்' என்று ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1837-ல் ஒரு சிறு பள்ளியாகப் பட்டணத்தில் பிறந்து, ஜார்ஜ் டவுனின் சந்தடிக்குள் நெருங்கிப்போயிருந்த கிறிஸ்துவக் கல்லூரி, சரியாக நூறாண்டு கழித்து, 1937-ல், சேலையூர்க் காட்டை நாடி வந்தது. பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் தம் மனைவியாரோடு நட்டு வளர்த்த மரங்கள் இன்றும் அந்த வளாகத்தில் நிழல் தருகின்றன. நோயாளிக்குக் காற்றும், மாணவனுக்கு வெளியும், இரண்டையும் நகரத்தோடு இணைக்க ஒரு ரயிலும் வேண்டும் என்று யோசித்துத் தேர்ந்த இடம் இது. அந்த யோசனையில் ஒரு பங்காவது, குழந்தைகளோடு இங்கே குடியேற நினைக்கும் ஒவ்வொரு கிரகஸ்தருக்கும் தேவை.

என் மருமகள் ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டி, பதினான்கு பள்ளிகளின் பெயரை எழுதி, எதிரே பாடத்திட்டம், கட்டணம், சென்ற ஆண்டின் தேர்ச்சி, நீச்சல் குளம் உண்டா இல்லையா என்பதுவரை குறித்து வைத்திருந்தாள். அவ்வளவு சிரத்தையோடு தயாரித்த அந்த அட்டவணையில், குழந்தை வீட்டிலிருந்து அங்கே எப்படிப் போகும் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. "வேன் வருமே மாமா!" என்றாள். அந்த ஒரு சொல் என்னைச் சுருக்கென்று தைத்தது; ஏனென்றால், முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அதே பதிலைத்தான் என் மனைவிக்குச் சொன்னேன்.

என் மகனுக்குப் பத்து வயதானபோது, நடந்து போகும் தூரத்தில் நல்ல பள்ளி இருந்தும், நகரத்துக்குள் பேர்பெற்ற ஒரு பள்ளியில் இடம் கிடைத்த பெருமையில் அவனை அங்கே சேர்த்தேன். காலை ஆறரைக்கு வேன் ஏறுவான்; மாலை ஐந்தரைக்குத் திரும்புவான். போக்குவரத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம். ஆண்டுக்கு 220 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 660 மணி. பள்ளி நாளொன்றுக்கு ஆறு மணி என்று கணக்கிட்டால், ஆண்டுதோறும் 110 பள்ளி நாட்களை அவன் ஜி.எஸ்.டி. சாலையின் புகையில் கழித்தான். ஏழாண்டுகள் இப்படிப் போயின. மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் தெருவில் அவனுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு சிநேகிதன் இல்லை. எந்த மரத்தில் கொடுக்காப்புளி காய்க்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. இன்று அயல்நாட்டில் இருக்கும் அவன், தாம்பரத்தைப் பற்றிப் பேசும்போது ரயில் நிலையத்தைத் தவிர வேறொன்றையும் நினைவுகூர்வதில்லை. அவனுக்குச் சொந்த ஊர் ஒன்று அமையாமற் போனதற்குக் காரணம் நான் என்பதை உணர்ந்தபோது, திருத்திக்கொள்ளும் காலம் கடந்துவிட்டிருந்தது.

ஆகையால், அந்தத் தாளை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை அவர்களை ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனேன்.

முதலில் மேற்கே முடிச்சூர் சாலை. அகலமான தெருக்கள், புதிய வீடுகள், கிழக்குப் பக்கத்தைவிடக் குறைந்த வாடகை. மறைமலைநகர் போகிறவருக்கு வெளிவட்டச் சாலையும் பெருங்களத்தூரும் கிட்டத்தில். மாப்பிள்ளைக்கு ஒரு தனி வீடு மிகவும் பிடித்துவிட்டது. நான் எதிரேயிருந்த மளிகைக் கடைக்காரரிடம், "பதினைந்தாம் வருஷத்து வெள்ளம் இங்கே எதுவரைக்கும் வந்தது?" என்று மட்டும் கேட்டேன். அவர் வார்த்தையால் பதில் சொல்லவில்லை. எழுந்து நின்று, தம் நெஞ்சளவில் கையை வைத்துக் காட்டினார்.

2015 டிசம்பர் முதல் தேதியன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். சென்னையின் ஓராண்டுச் சராசரியில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகம். ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரால் உருவெடுத்து வரும் அடையாறு, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் தன் பழைய பாதையாகவே பாவித்தது. பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. பல பள்ளிகள் நிவாரண முகாம்களாயின. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. நனைந்து கூழான பாடப்புத்தகங்களுக்குப் பதிலாகப் புதியவற்றைக் குழந்தைகளுக்கு வழங்க வேண்டியிருந்தது. அதன்பின் ஆற்றை அகலப்படுத்தியிருக்கிறார்கள், வடிகால்களும் கட்டியிருக்கிறார்கள். ஆயினும் 2021-லும் 2023-லும் அந்தப் பகுதி ஜனங்கள் மறுபடி தண்ணீரில் நின்றார்கள் என்பதையும் மறைக்கலாகாது.

வீடு தேடும் முறையிலேயே ஒரு பிசகு இருக்கிறது. எல்லோரும் சித்திரை வைகாசியில் வந்து பார்க்கிறார்கள். அப்போது ஏரியும் தரிசும் ஒன்றுபோல் வெடித்துக் கிடக்கும். இந்த மண்ணின் சுபாவம் தெரிவதோ ஐப்பசி கார்த்திகையில்! அந்த மாதங்களில் வர முடியாதவர்கள், ஊர்ப் பெயர்களையாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். புதுத்தாங்கல், ஏரிக்கரைத் தெரு என்று முன்னோர் வைத்த பெயர்களெல்லாம் தண்ணீருக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த பத்திரங்கள். சிட்லபாக்கத்து ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கும், அது நிரம்பினால் நன்மங்கலத்துக்கும், பின் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் போக வேண்டிய நீரை, அந்தக் கால்வாய்களின் மேல் வீடு கட்டி நிறுத்திவிட்டு, வாசலில் வந்து நிற்பதற்காக அதைக் குறை கூறுவது தர்மமாகாது.

மாலையில் ரயில் பாதையைக் கடந்து கிழக்கே வந்தோம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று வேளச்சேரிச் சாலையின் இருபுறமும் பார்த்தோம். இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி வேறு. ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் சேர்ந்து இந்த ஊரைக் கத்தியால் பிளந்ததுபோல் இரண்டாக்கியிருக்கின்றன. மேற்கே வீடும் கிழக்கே பள்ளியும் அமைந்தால், வரைபடத்தில் ஒரு கிலோமீட்டராகத் தெரியும் தூரம், காலை எட்டு மணிக்கு ஒரு குழந்தைக்குக் கடக்க முடியாத சமுத்திரமாகிவிடும். வேளச்சேரிச் சாலையும் அவ்வாறே. மாநகரப் பேருந்தும் தண்ணீர் லாரியும் முட்டி மோதும் அந்தச் சாலையை ஒரு சிறுமி தனியே குறுக்கே கடக்கும்படியாக வீடு பார்ப்பது, அவளை நிரந்தரமாகப் பிறர் துணைக்கு அடிமையாக்குவதாகும். பள்ளி இருக்கும் பக்கத்திலேயே வீடும் இருக்க வேண்டும் என்பதை நான் திரும்பத் திரும்ப வற்புறுத்தினேன்.

இதில் நூதனம் ஏதும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி வகுத்த விதிகள், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைக்கு மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. குழந்தையின் காலை அளவுகோலாக வைத்த விதி அது. சட்டம் மதித்த அந்தக் கால்களைப் பெற்றோராகிய நாம்தான் மறந்துவிட்டோம்.

"அப்படியானால் பக்கத்தில் எது இருந்தாலும் போதுமா மாமா? படிப்பு முக்கியமில்லையா?" என்று அவள் வாதாடினாள். முக்கியந்தான். மகனுக்குத் தமிழ் கற்பிக்கத் தக்கவர் எங்கே இருக்கிறாரோ அங்கே குடி போவது என்று, உ.வே. சாமிநாதையரின் தந்தையார், கதாப்பிரசங்கத்தால் வந்த சொற்ப வருமானத்தோடு, அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தைப் பெயர்த்து, கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுபோய் ஒப்புவித்த சரித்திரத்தை 'என் சரித்திரம்' படித்தவர்கள் அறிவார்கள். சீன தேசத்திலும், மென்சியஸ் என்னும் ஞானியின் தாய், மகன் இடுகாட்டருகே இருந்தபோது சாவுச் சடங்கையும், கடைவீதியருகே இருந்தபோது வியாபாரிகளின் கூவலையும் விளையாட்டாகப் பழகக் கண்டு, மூன்றாவதாக ஒரு கல்விச்சாலையருகே குடியேறினாள் என்ற பழங்கதை உண்டு. ஒருவர் ஆசிரியரைத் தேடினார்; மற்றவள் தெருவைத் தேடினாள். ஆனால் இருவரும் குழந்தையை வீட்டில் இருத்திவிட்டுத் தொலைவுக்கு அனுப்பவில்லை. குடும்பமே கல்வியின் அருகில் போய்க் குடியிருந்தது. பள்ளியைத் தேர்ந்தபின் வீட்டைத் தேட வேண்டும் என்பதே இதன் பாடம். நாமோ முதலில் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு வேனைத் தேடுகிறோம்.

ஆசிரியரை எப்படி அறிவது என்பதற்கு, விளம்பரப் பலகைகளில் பதில் கிடையாது. இத்தனை ஆண்டுகளாக இங்கே தலைமுறைகளைப் படிக்க வைத்துவரும் கோர்லி பள்ளி, வள்ளுவர் குருகுலம் போன்றவையும், அரசுப் பள்ளிகளும், புதிதாய் எழுந்த மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் இருக்கின்றன. எந்தப் பள்ளியானாலும், மாலையில் பிள்ளைகள் வெளியே வரும்போது வாசலில் கால்மணி நேரம் நின்று, அவர்கள் முகத்தையும், அவர்களோடு ஆசிரியர்கள் பேசும் தொனியையும் கவனித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

மீதியில் சில, கணக்காக யோசிக்க வேண்டியவை. ஒன்பதாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் பிள்ளையை ஊர் மாற்றுவதைத் தவிர்ப்பது உத்தமம். என் மருமகள் அதற்கு முன்பே வந்துவிட்டாள். பெங்களூரில் வளர்ந்த தமிழ்க் குழந்தைகளுக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். ஆகவே பெண்ணுக்கு இந்த விடுமுறையிலேயே அரிச்சுவடியைத் தொடங்கிவிட வேண்டும். பையன் சிறியவன், தானே பிடித்துக்கொள்வான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2020 முதல் மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடும், அவ்வாறு படித்த பெண்களுக்கு 2022 முதல் உயர்கல்விக் காலத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. அரசுப் பள்ளியை ஏளனமாகத் தள்ளுகிறவர்கள், தள்ளுவதற்கு முன் உள்ளே போய் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை எட்டே கால் மணிக்கு, சேலையூரில் பார்த்து வைத்த ஒரு வீட்டு வாசலிலிருந்து, விருப்பமான பள்ளியின் வாசல் வரை, குழந்தைகளை முன்னே விட்டு நாங்கள் பின்னே நடந்தோம். வழியில் ஒரு பிள்ளையார் கோயில், ஒரு தையற்கடை, ஒரு பூக்காரி. பெரிய சாலை எதையும் கடக்கத் தேவையில்லை. பெண் இரண்டு தெருத் திருப்பங்களைத் தானே நினைவு வைத்துக்கொண்டு, திரும்புகையில் தம்பிக்கு வழி காட்டினாள். "தாத்தா, இங்கே வந்தால் நானே இவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்" என்றாள். அவள் இதுவரை ஒரு நாளும் பள்ளிக்கு நடந்து போனதில்லை என்பதை அவள் தாய் அப்போதுதான் சொன்னாள். நீச்சல் குளம் இல்லாத அந்தப் பள்ளியிலேயே இருவரையும் சேர்ப்பது என்று முடிவாயிற்று. தூரம் பன்னிரண்டு நிமிஷ நடை.

நடைபாதைகளைக் கடைகளுக்கும் வண்டிகளுக்கும் விட்டுவிட்டு, பள்ளி வாசல்களில் கடக்கும் வசதி செய்யாமல் இருக்கும் நிலையை மாநகராட்சி மாற்ற வேண்டும். ஆயிரம் குழந்தைகள் நடக்கக்கூடிய ஊர், ஐம்பது வேன்கள் ஓடும் ஊரைவிடச் சிறந்தது. இடம் பெயர எண்ணியிருக்கும் பெற்றோருக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: முன்பணம் கொடுப்பதற்கு முன், எதிர்க் கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், பிறகு ஒரு காலை நேரத்தில், குழந்தையின் கையைப் பற்றாமல், அதன் பின்னாலேயே பள்ளி வாசல் வரை நடந்து பாருங்கள். அந்த வழியில் குழந்தையைத் தனியே விட உங்களுக்கு மனம் துணிந்தால், அங்கே குடியேறுங்கள்.