பின்னிருக்கைக்கு யார் பொறுப்பு?

காலை வேளையில் மில்லுக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் விரைகின்ற மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள். தனியாகப் போகின்றவர் எத்தனை பேர்? பின்னால் மனைவி, முன்னால் டாங்கின் மேல் குழந்தை. உழைத்துப் பிழைக்கும் மக்களின் குடும்ப வண்டி இதுதான். இன்ஷுரன்ஸ் உண்டா என்று கேட்டால், "உண்டு, போலீசார் கேட்டால் காட்ட வேண்டுமே!" என்பார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படித்ததில்லை. படிக்கும்படி அது அச்சிடப்பட்டதும் இல்லை!

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை. நம் வண்டி மோதி வழிப்போக்கர் ஒருவர் மாண்டாலோ முடமானாலோ, தீர்ப்பாயம் விதிக்கும் ஈட்டுத்தொகையைக் கம்பெனி கொடுக்கும். நல்ல ஏற்பாடு, நாம் குறை கூறவில்லை. பாலிசி இல்லாதவர் மீது தீர்ப்பு வந்தால் குடியிருக்கும் வீடே ஏலத்திற்குப் போகக்கூடும். 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி முதல் குற்றத்திற்கே 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். செலவோ, 2022 ஜூன் முதல் நாளில் நடப்புக்கு வந்த விகிதப்படி, 75க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு, வரி நீங்கலாக, ஆண்டுக்கு 714 ரூபாய். நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு 2,804 ரூபாய். அது வசதி படைத்தோர் கவலை.

கோவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவால், 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்தாண்டுப் பாலிசியை ஒரே தடவையில் எடுக்க வேண்டியதாயிற்று. மறந்துபோகும் ஆபத்து ஆறாம் ஆண்டில்தான்.

இனி விஷயத்திற்கு வருவோம். எதிரே வந்த லாரியின் மீது தவறு என்றால், பின்னால் அமர்ந்த மனைவிக்கு லாரியின் கம்பெனி கொடுக்கும். ஆனால் கணவரே மணலில் சறுக்கி விழுந்து, மனைவியின் இடுப்பெலும்பு முறிந்தால்? சட்டத்தின் கட்டாயப் பாலிசி பின்னிருப்பவரைக் காக்காது என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வழக்குப் போட்டால் நட்டஈடு கொடுக்க வேண்டியவர் அவருடைய கணவரே! விந்தையிலும் விந்தை அல்லவா இது? ஓட்டுகிற சொந்தக்காரருக்கென 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு தனியே உண்டு. அது அவருக்கு மட்டும். மனைவிக்கு அதில் ஒரு காசும் இல்லை.

வண்டிச் சேதத்தையும் சேர்த்த முழுமைப் பாலிசியில் பின்னிருப்பவரும் அடக்கம் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் கம்பெனிகளுக்குத் தெளிவாக்கியது. ஆகவே கூடுதல் பணம் கட்ட வல்லவரின் மனைவிக்குப் பாதுகாப்பு, கட்ட இயலாதவரின் மனைவிக்கு இல்லை. வழிப்போக்கரின் உயிருக்குச் சட்டம் தருகிற மதிப்பை வண்டியிலேயே அமர்ந்திருப்பவரின் உயிருக்கு ஏன் தரக்கூடாது என்று நாம் கேட்கிறோம். பிரிமியம் சில ரூபாய் ஏறுமென்றால் ஏறட்டும். கட்டாயப் பாலிசிக்குள்ளேயே பின்னிருக்கையையும் கொண்டுவர மத்திய சர்க்கார் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை, யாருக்குப் பாதுகாப்பு உண்டு, யாருக்கு இல்லை என்பதைக் கம்பெனிகள் பாலிசியின் முதல் பக்கத்திலேயே, தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடட்டும்.

இந்த வாரம் பாலிசியைப் புதுப்பிக்கப் போகின்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "பின்னால் உட்காருகிறவருக்கு உண்டா?" என்று ஏஜெண்டைக் கேளுங்கள். "உண்டு" என்றால், எந்த வரியில் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.