முற்றத்தில் ஓர் ஏறுசுவர்

 

‘சுவரேறிக் குதித்தவன்’ என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், கேட்பவர் மனத்தில் உடனே ஒரு கள்வனின் உருவமே தோன்றும். நம் மொழியில் சுவரேறுதல் அத்தகைய அவப்பெயரைச் சுமந்து நிற்கிறது. ஆனால், உங்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சற்றே கவனித்துப் பாருங்கள். ஜன்னல் கம்பி, பரண், மாடித் தண்ணீர்த் தொட்டி, தெருமுனைப் புளியமரம் என அவர்கள் ஏறாத இடம் எது? தவழ்வதும் நடப்பதும் போலவே ஏறுவதும் குழந்தையின் இயல்பு. “கீழே இறங்கு!” என்று அதட்டுகிறோம், இறங்குகிறது. நாம் முகத்தைத் திருப்பியதும் மீண்டும் ஏறுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வாழும் நாம் இதனை வெறும் குறும்பு என்று விட்டுவிட இயலாது. நம் கரிசல் காட்டில் கமலை இறைப்பு நின்றுபோன கிணறுகள் பல, கைப்பிடிச் சுவர்கூட இன்றித் திறந்து கிடக்கின்றன. அவற்றின் உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகள் சிறுவர்களை வா, வா என்று அழைக்கின்றன. தடுப்பது நம் கடமைதான். ஆயினும், தடுத்த பின் அந்தப் பிள்ளை எங்கே ஏறும் என்பதற்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே அல்லவா?

அந்த விடையை வீட்டு முற்றத்திலேயே அமைக்க முடியும் என்பதைச் சொல்லவே இம்மாதம் எழுதுகிறேன்.

உலகம் கண்ட வழி

மலையேற்றப் பயிற்சிக்கென்று கட்டடத்துக்குள் சுவர் அமைக்கும் வழக்கம் மிகப் பழையதன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த டான் ராபின்சன் என்பவர், 1964-ஆம் ஆண்டில் அங்கே ஒரு நடைக்கூடத்துச் சுவரில் பாறைத் துண்டுகளைப் பதித்துத் தம் மாணவர்களை ஏறச் செய்தார். மழையும் குளிரும் மிகுந்த நாட்டில் ஆண்டு முழுதும் பயிற்சி பெற அது வழியாயிற்று. பின்னர், மரப்பலகையில் துளையிட்டு, வேண்டிய இடத்தில் பிடிகளைத் திருகிக்கொள்ளும் முறை பரவியது. இன்று மேலை நாடுகளில் வாகனக் கொட்டகையிலும் மாடி அறையிலும்கூட இத்தகைய சுவர்களை மக்கள் தாமே அமைத்துக்கொள்கின்றனர்.

சுவரேற்றம், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. 2024-இல் பாரிஸில், 15 மீட்டர் உயரச் சுவரை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வென்றவர் இந்தோனேசியாவின் வெத்ரிக் லியோனார்தோ. இறகுப்பந்தாட்டம் தவிர்த்த வேறொரு விளையாட்டில் அந்நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே.

அதே நாட்டைச் சேர்ந்த அரிஸ் சுசாந்தி ரஹாயு என்ற பெண்மணியின் பெயரை நம் சகோதரிகள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் பெற்ற அவர், 2019 அக்டோபரில் சீனாவின் சியாமென் நகரில் அதே 15 மீட்டர் சுவரை 6.995 விநாடியில் ஏறி முடித்தார். பெண்களில் 7 விநாடிக்குள் ஏறிய முதல் வீராங்கனை அவரே. தலையை மறைக்கும் ஹிஜாபுடன்தான் அவர் ஏறினார். உடையும் தடையாகவில்லை, உயரமும் தடையாகவில்லை.

மகளுக்கு எங்கே இடம்?

மதரஸாவில் ஓத வரும் பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறேன். பத்து வயது வரை ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் ஒன்றுபோலவே ஓடித் திரிகின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டியதும், பையனின் விளையாட்டு தெருவிலிருந்து மைதானத்துக்கு விரிகிறது. பெண்ணின் விளையாட்டோ வாசற்படியோடு நின்றுவிடுகிறது. அதன்பின் அவள் உடலுக்கு வேலை சமையலறையில் மட்டுமே. ‘கால் வலிக்கிறது, முதுகு வலிக்கிறது’ என்று பதினைந்து வயதுப் பெண் சொல்வதைக் கேட்டு நாம் வியப்பதுகூட இல்லை.

5 வயது முதல் 17 வயது வரையுள்ளோர், சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமேனும் உடல் களைக்க இயங்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளேனும் தசையும் எலும்பும் வலுப்பெறும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த 60 நிமிடம் மகளுக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை நாம் அறிவோம். பெண்ணின் உடல் வலிமை கண்டு முகம் சுளிப்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த பழக்கமன்று.

வெளியே அனுப்பத் தயங்கும் பெற்றோர், வீட்டுக்குள்ளேனும் ஓர் இடம் தர வேண்டாமா? நாலு சுவருக்குள் இருக்க நேர்ந்த பெண்ணுக்கு, அந்த நாலில் ஒன்றை விளையாடக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அமைக்கும் முறை

முதலில் இடம். நம் வட்டாரத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதனால் வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விடுவதை நாம் அறிவோம். வெடிப்புக் கண்ட சுவரிலும், மண் சுவரிலும், நாலரை அங்குலத் தடுப்புச் சுவரிலும் இதனைப் பொருத்தலாகாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் உறுதியாக இருந்தால், அதில் மரச்சட்டத்தை ஆங்கர் போல்ட் கொண்டு இறுக்கலாம். மாடுகள் குறைந்து வெறுமையாகக் கிடக்கும் தொழுவமும் நல்ல இடமே. எவ்விடமாயினும், கொத்தனாரும் தச்சரும் நேரில் பார்த்து ‘தாங்கும்’ என்று சொன்ன பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து பலகை. எட்டுக்கு நாலு அடி அளவுள்ள, 18 அல்லது 19 மில்லிமீட்டர் கனமுள்ள, நீர் பட்டாலும் பிரியாத உயர்வகை ஒட்டுப்பலகை இரண்டு போதும். அருகருகே நிறுத்தினால் எட்டடிக்கு எட்டடிச் சுவர் கிடைக்கும். விளிம்பிலிருந்து 4 அங்குலம் விட்டு, 8 அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டால், ஒரு பலகைக்கு 72 துளைகள் அமையும். பின்புறச் சட்டங்களைப் பலகையின் ஓரத்திலிருந்து 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தினால், எந்தத் துளையும் சட்டத்தின் மீது விழாது. துளையின் பின்புறமாக டீ-நட் அடித்துவிட்டு, அதன் பின்னரே பலகையைச் சட்டத்தில் முடுக்க வேண்டும்.

இனி, பிடிகள். செயற்கைப் பிசினில் வார்த்த பிடிகள் விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும் தச்சர் கையால் மரத்திலேயே செதுக்கிக்கொள்ளலாம். நன்றாக உலர்ந்த வேம்போ கருவேலமோ போதும். பச்சை மரம் உலரும்போது வெடிக்கும், ஆகாது. உள்ளங்கை நிறையும் அளவில், கூர்முனை இன்றிச் செதுக்கி, உப்புத்தாள் கொண்டு வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பிடியையும் ஒரு போல்ட் கொண்டு இறுக்கி, அது சுழலாதிருக்கப் பக்கத்தில் ஒரு மரத்திருகாணியும் முடுக்குங்கள். தொடக்கத்துக்கு 40 பிடிகள் போதும். மாதம் ஒருமுறை இடம் மாற்றினால், அதே சுவர் பிள்ளைகளுக்குப் புதிய சுவராகும்.

காக்கும் விதிகள்

தரையிலிருந்து 3 அடி உயரத்தில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு இடுங்கள். சிறுவரின் பாதம் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மேலே ஏறுவதைவிட, இடமிருந்து வலமாகப் பக்கவாட்டில் நகர்ந்து செல்வதே அவர்களுக்கு உரிய பயிற்சி. விழுந்தாலும் மூன்றடியில் முடிந்துபோகும்.

சுவரின் முழு அகலத்துக்கும், முன்புறம் ஆறடி தூரத்துக்கும், இடைவெளி இன்றி மெத்தை விரியுங்கள். அம்மி, ஆட்டுக்கல், துவைக்கும் கல் ஆகியவை அருகில் இருந்தால் அகற்றுங்கள். முழங்காலை மடக்கி இரு பாதங்களாலும் தரையிறங்கவும், கையைப் பின்னே ஊன்றாதிருக்கவும் முதல் நாளே கற்றுக்கொடுங்கள். ஏறக் கற்பிக்கும் முன் விழக் கற்பியுங்கள்!

மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். பிடியில் சிக்கிய மோதிரம் விரலையே சிதைத்துவிடும். தாவணியோ துப்பட்டாவோ தொங்கவிடாமல் இறுகக் கட்டிக்கொள்ளட்டும். வளரும் பிள்ளைகளின் விரலெலும்பு இன்னும் முற்றாதது. ஆதலால் விரல் நுனியில் தொங்கும் கடும்பயிற்சி வேண்டாம். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் வெப்பம் தாங்காது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரமே ஏற்றது.

பனையேறியிடம் கற்போம்

ஏறும் கலையை மேலை நாட்டிலிருந்துதான் கற்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். திருச்சுழிப் பக்கத்துப் பனைகளில், காலில் தளைநாரைப் பூட்டிக்கொண்டு, பருவம் முழுதும் நாள்தோறும் ஏறி இறங்கிய உழைப்பாளிகளை நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். அவர்களின் கைகள் மரத்தை அணைக்கும். கால்களே உடலை மேலே உந்தும். கையால் இழுப்பவன் விரைவில் களைப்பான் என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்த உண்மை. இன்று சுவரேற்றப் பயிற்சியாளர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதுவே. அந்த உழைப்பாளிகள் வயிற்றுப்பாட்டுக்காக, மெத்தை இல்லாத மரத்தில் உயிரைப் பணயம் வைத்தனர். உங்கள் பிள்ளை விளையாட்டாக ஏறும்போது இதையும் சொல்லுங்கள். கருப்பட்டியின் இனிப்புக்குப் பின்னால் யாருடைய கால்கள் இருந்தன என்பதை அது அறிந்துகொள்ளட்டும்.

தாய்மார்களே! அத்தாமார்களே! சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்று பெரியோர் சொன்னது உடலைக் குறித்தே. மகனின் சுவரை உறுதியாக்க ஊர் முழுதும் இடம் இருக்கிறது. மகளின் சுவரை உறுதியாக்க நம் வீட்டில் எட்டடி இடம் இருக்கிறதா என்று இன்றே அளந்து பாருங்கள். பலகை வாங்க இப்போது கை கொடுக்காவிட்டால், முற்றத்தில் ஒரு கயிற்றையேனும் குதித்து விளையாடக் கொடுங்கள். அவள் உடல் ஓடியாட வேண்டிய உடல் என்பதை வீட்டிலுள்ளோர் ஒப்புக்கொள்வதே முதல் படி. மற்ற படிகளை, இன்ஷா அல்லாஹ், அவளே ஏறிக்கொள்வாள்.