குரல் தேய்வதும் பார்க்கின்சன் அறிகுறிதான்... பயிற்சியால் மீட்க முடியுமா?

'கொஞ்சம் சத்தமா பேசுங்களேன்' என்பார் மனைவி. 'நல்லாத்தானே பேசுறேன், உனக்குத்தான் காது கேக்கல' என்பார் கணவர். பார்க்கின்சன் பாதித்தவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் வாக்குவாதம் இது. இதில் இருவருமே பொய் சொல்லவில்லை. பிரச்னையே அதுதான்.

பார்க்கின்சன் என்றதும் கை நடுக்கமும் தளர்ந்த நடையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், 1817-ல் இந்த நோயைப் பற்றி எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே, நோயாளிகளின் பேச்சு புரியாமல் போவதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1978-ல் அமெரிக்காவில் ஜெரி லோகமன் குழுவினர் 200 நோயாளிகளைப் பரிசோதித்தபோது, 89 சதவிகிதம் பேருக்குக் குரல் பிரச்னை இருந்தது.

ஏன் குரல் தாழ்கிறது?

மூளையில் டோபமைனைச் சுரக்கும் செல்கள் அழிவதால் உடலின் அசைவுகள் சிறுத்துப்போகின்றன. கையெழுத்து பொடிப்பொடியாக மாறுவதைப் போலவே, மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு ஆகியவற்றின் அசைவுகளும் குறைகின்றன. அதனால் குரல் தணிந்து, ஏற்ற இறக்கமின்றி ஒலிக்கும். வார்த்தைகள் குழையும். சிலருக்குப் பேச்சு கடகடவென ஓடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தன் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பதை மூளை தவறாகக் கணிக்கிறது. மெல்லப் பேசினாலும் அவருக்கு அது இயல்பாகவே தெரியும். மற்றவர்களுக்குக் கேட்கும் அளவுக்குப் பேசினால், தான் கத்துவதாகத் தோன்றும்.

மருந்து மட்டும் போதுமா?

கை, கால் இறுக்கத்துக்கு நன்றாக வேலை செய்யும் லீவோடோபா மருந்து, பேச்சில் அதே அளவுக்குப் பலன் தருவதில்லை. மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சையால் நடுக்கம் குறைந்தாலும், சிலருக்குப் பேச்சு மேலும் குழறுவதுண்டு. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களின் பார்வை பயிற்சியின் பக்கம் திரும்பியது.

1980-களில் அமெரிக்காவில் லொரைன் ரேமிக் குழுவினர் உருவாக்கிய பயிற்சி 'எல்.எஸ்.வி.டி லவுட்'. பார்க்கின்சன் பாதித்த லீ சில்வர்மன் என்ற பெண்ணின் பெயரைத் தாங்கியது. வாரத்துக்கு 4 நாள், தினமும் 1 மணி நேரம், 4 வாரங்கள் நடக்கும். 'சத்தமாகப் பேச வேண்டும்' என்ற ஒரே இலக்குதான். எந்த அளவு சத்தம் சரியானது என்பதை மூளைக்கு மறுபடி பழக்குகிறார்கள்.

பிரிட்டனில் 388 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது. இந்தப் பயிற்சி எடுத்தவர்களுக்கு, பேச்சுப் பிரச்னையால் அன்றாட வாழ்வில் ஏற்படும் சிரமம் 3 மாதங்களில் குறைந்திருந்தது. அங்கு அரசு மருத்துவமனைகள் வழக்கமாகத் தரும் பேச்சுப் பயிற்சியில் அப்படிப் பலன் தெரியவில்லை. தீவிரப் பயிற்சி எடுத்த சிலருக்குக் குரல் கம்மியதும் பதிவானது. அதனால், ஸ்பீச் தெரபிஸ்ட் உதவியின்றி வீட்டிலேயே கத்திப் பழகுவது சரியல்ல.

வார்த்தை கிடைக்காமல் தவிப்பது

குரல் மட்டுமல்ல, மொழியும் ஆராயப்படுகிறது. 2008-ல் பிரான்ஸில் நடந்த ஆய்வில், மருந்தின் வீரியம் இல்லாத நேரத்தில் நோயாளிகளின் மூளை பெயர்ச்சொற்களைவிட, அசைவைக் குறிக்கும் வினைச்சொற்களைக் கையாளத் திணறியது தெரியவந்தது. பேச்சின் நடுவே வார்த்தையைத் தேடினால் உடனே 'மறதி' என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

செல்போனில் பதிவாகும் குரலை வைத்து நோயை முன்கூட்டியே கண்டறியும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆனால், எந்த ஆப்பும் டாக்டருக்கு மாற்றாகிவிடாது. குரல் தாழ வேறு காரணங்களும் இருக்கலாம்.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

* டி.வி-யை அணைத்துவிட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள்.
* அவர் முடிக்கும் முன்பே வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள்.
* முகத்தில் சிரிப்பு இல்லையென்றால் கோபம் என்று நினைக்காதீர்கள். முகத் தசை இறுக்கமும் இந்த நோயின் அறிகுறியே.
* சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.
* பேச்சு புரியாத நிலை வரும்வரை காத்திருக்காமல், குரல் தாழத் தொடங்கும்போதே நியூராலஜிஸ்ட்டிடம் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள்.

தன் குரல் தாழ்ந்திருப்பது அவருக்கே தெரியாது. அதைக் கவனித்துச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். அதைக் குறையாகச் சொல்லாமல், அக்கறையாகச் சொல்லுங்கள்.