கடலைத் தடை செய்தால் பிள்ளை தப்பிவிடுமா?



ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் நாங்கள் சில ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து பாசிக்குடாவில் இரண்டு இரவு தங்கினோம். அங்கே எங்கள் பையன்கள் இரண்டு பேர் கயாக்கோடு கடலுக்குள் இழுபட்டுப் போனது இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாளாக இதுதான் பேச்சு. "ஹோட்டல்ல தங்குற பழக்கமே நமக்குத் தேவல்ல" என்றார்கள். "இனி ஸ்கூல் ட்ரிப்புல கடல எடுத்துருங்க" என்றும் கேட்டிருக்கிறார்கள். பிழை விட்டவர்கள் நாங்கள். அதை மறைக்கவில்லை. ஆனால் என்ன பிழை என்று யாரும் கேட்கவில்லையே!

காலை பத்து மணி. இரண்டு பேர் இருந்து வலிக்கும் கயாக். வாடகைக்குக் கொடுத்தவர் லைஃப் ஜக்கெட் இரண்டை நீட்டினார், ஒன்றில் கொக்கி இல்லை. வெக்கை என்று பையன்கள் இரண்டையும் மணலில் போட்டுவிட்டார்கள். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மர நிழலில் சாப்பாட்டுச் சட்டி இறக்கிக்கொண்டிருந்தோம். ஒருவர் ஸ்டேட்டஸுக்கு வீடியோ எடுத்தார். கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

அந்தக் குளம்தான் ஏமாற்றியது. ஜூன், ஜூலையில் நமது கரையில் அடிப்பது கச்சான். தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. அதனால் கரையோரம் அலை எழும்பாது, பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் கயாக் தண்ணீருக்கு மேலே மிதக்கிற இலேசான பொருள். பின்னால் நின்று காற்றுத் தள்ள, பிள்ளை அதைத் தன் கைப்பலம் என்று நினைக்கும். திரும்பி வலிக்கிறபோதுதான் விளங்கும். பாசிக்குடாவில் வெகுதூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர்தான் என்று நம்பிப் போகிறோம். குடாவின் வாயைத் தாண்டினால் அந்தக் கணக்கு முடிந்தது.

ஒருவன் பயத்தில் குதித்துக் கரைக்கு நீந்தப் பார்த்திருக்கிறான். மற்றவன் சேர்ட்டைப் பிடித்து இழுத்து வைத்திருந்ததால் தப்பினான், அல்ஹம்துலில்லாஹ். மீன்பிடித்துத் திரும்பிய எஞ்சின் போட்காரர்கள்தான் இரண்டு பேரையும் ஏற்றி வந்தார்கள். அவர்களில் வயசான ஒருவர் கேட்டார்: "காத்து எங்கால அடிக்குதெண்டு பாக்காமலா புள்ளையள உட்டீங்க?" நாங்கள் நின்றது ஏழெட்டுப் பட்டதாரிகள். பருவக்காற்றைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு ஓ.எல் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவரும் அதில் ஒருவர்.

இனி தடை கேட்கிறவர்களிடம் வருகிறோம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலைக் கண்டால் நமது உம்மாமாருக்கு நெஞ்சு பதறும். அந்தப் பயத்தை நாங்கள் பகிடி பண்ண மாட்டோம், எங்கள் வீடுகளிலும் மையித்து எடுத்திருக்கிறோம். ஆனால் 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தபோது அதில் இருந்த பிள்ளைகள் சுற்றுலா போனவர்களா? பாடசாலைக்குப் போனவர்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் கொண்டுபோன பிள்ளைகள் மத்ரஸா விட்டு வீட்டுக்கு வந்தவர்கள். நீச்சல் தெரிந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள். நாங்கள் சொல்வது, நாம் தண்ணீரிடம் போகாவிட்டாலும் தண்ணீர் நம்மிடம் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் ஆறும் களப்பும். இந்த ஊரில் இருந்துகொண்டு எதைத் தடை செய்வது? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாம் கயிறும் எடுக்கவில்லை, இப்போது ஒட்டகமே வேண்டாம் என்கிறோம்.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். அன்றைக்கு அவர்கள் கரையில் இருந்து செருப்பும் போனும் காவல் காத்தார்கள். ஒரு பிள்ளை, "எங்களுக்கு எப்ப சேர்?" என்று கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. வெட்கம், பர்தா என்று சொல்கிறவர்களுக்கு: சுபஹு தொழுதுவிட்டு ஆளில்லாத நேரத்தில், பெண் ஆசிரியைகளோடு, முழங்காலுக்குக் கீழ் வருகிற மேல்சட்டையும் காற்சட்டையும் போட்டு, மேலே லைஃப் ஜக்கெட் கட்டினால் எது குறைகிறது? அபாயாவோடு மட்டும் இறக்க வேண்டாம், நனைந்தால் காலைச் சுற்றும். கடல் தாண்டிப் போகிற கூட்டத்தில் தன்னையும் சேர்க்கும்படி துஆ கேட்டவர் உம்மு ஹராம் (ரழி). அந்தப் பயணத்தில் சைப்ரஸ் வரைக்கும் போனவரும் அவர்தான். அவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைப்போம், தண்ணீரில் கால் நனைக்க விடமாட்டோம்!

படிப்பிக்கிறது பெரிய வித்தையும் இல்லை. காய்ந்த மணலை ஒரு பிடி அள்ளி விட்டால் காற்று எங்கால போகிறதென்று தெரியும். கடலைப் பார்த்துப் போனால் அன்றைக்குக் களப்புதான், அல்லது இடுப்பளவுக்குள் கரையோடு கரையாக. ஜக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு உரியது இல்லை. முதல் நாள் வலிக்கவே விடக்கூடாது. இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறப் பழக்க வேண்டும். என்ன நடந்தாலும் கயாக்கை விட்டு நீந்தாதே என்பதை நூறு தடவை சொல்ல வேண்டும். எங்கள் பையனுக்கு யாரும் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை.

இதையெல்லாம் அறிந்தவர்கள் நமது ஊரிலேயே இருக்கிறார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கடைசி வாங்கில் இருத்தி, "கடலுக்குப் போறவனுக்கு என்னத்துக்குப் படிப்பு" என்று சொன்ன வாத்திமாரும் நாங்கள்தான். அந்த வாப்பாமாரிடம் இந்தக் கிழமை போய்க் கேட்டோம். மூன்று பேர் சம்மதித்திருக்கிறார்கள், காசு வேண்டாமாம். ஜக்கெட் இருபது வாங்க வேண்டும், அதற்குத்தான் காசு. குரூப்பில் தடைக்குக் கைதூக்கிய நானாமார், ராத்தாமார் ஆளுக்கு ஒன்று தந்தாலே போதும்.

அடுத்த லீவில் திரும்பவும் போகிறோம். குதித்த பையன் பெயர் கொடுத்துவிட்டான். அவனுடைய உம்மா இன்னும் ஓம் சொல்லவில்லை. இன்று அஸருக்குப் பிறகு அவர்களின் வீட்டுக்குப் போகிறோம்.