நம்மை நேசிப்பவர்களை மட்டும் மொழிபெயர்த்தோம்

கொழும்புத்துறையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில், கடந்த வருடம் பதினோராம் தரத்துக்கு வரலாற்றுப் பாடம் முடிந்து மணியடித்த பிறகும் ஒரு மாணவன் போகாமல் நின்றான். அன்றைக்குப் பேச்சு 2018இல் திகனயில் எரிந்த கடைகளைப் பற்றிப் போயிருந்தது. "சேர், இவையள் என்னத்தை நினைச்சு இப்பிடிச் செய்யினம்?" என்று கேட்டான். பேரினவாதம் என்றேன். "அது நாங்கள் வைச்ச பேர் சேர். நான் கேட்டது அவையின்ர நியாயத்தை. அவையின்ர புத்தகங்களில என்ன எழுதிக் கிடக்கு?"

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, இருபது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நிற்பவன் நான். என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்த இதழை வாசிக்கும் உங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2014இல் அளுத்கமை. 2018இல் திகன. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு குருணாகல் மாவட்டத்துக் கிராமங்களும் மினுவாங்கொடையும். 2020இல் நமது ஜனாஸாக்களை நெருப்புக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாம் கவிதை எழுதினோம், கண்டன அறிக்கை எழுதினோம். அவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு நெருப்பு வைத்தவனைப் பற்றி எழுதிய நாம், அவன் எந்த எண்ணத்தில் வளர்ந்தான் என்று தேடி வாசித்தோமா?

முஸ்லிம் எழுத்தாளர்களில் சிங்களம் நன்கு தெரிந்தவர்கள் பலர். சிங்களச் சிறுகதைகளையும் கவிதைகளையும் தமிழுக்குக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. யாரை மொழிபெயர்த்தோம்? நமக்காக இரங்கியவர்களை, யுத்தத்தை எதிர்த்தவர்களை. நம்மை நேசிப்பவர்களை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, சிங்களச் சிந்தனையை அறிந்துகொண்டோம் என்று மகிழ்ந்தோம். கருணையான எழுத்தாளன் தன் சமூகத்தில் சிறுபான்மை என்பதை மறந்தோம்.

யாழ்ப்பாணத்தில் நான் தேடிய இடங்களில் எதுவும் தமிழில் அகப்படவில்லை. ஒரு கடைக்காரர், "இதையெல்லாம் ஏன் மாஸ்ரர் வாசிக்கிறியள்?" என்று கேட்டார். பாடசாலை விடுமுறையில் கொழும்புக்குப் போய் மருதானைப் புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினேன். புத்தளத்து அகதி வாழ்க்கையில் சந்தையிலே பழகிய சிங்களத்தை அகராதியோடு சேர்த்து வைத்துக்கொண்டு வாசித்தேன்.

குணதாச அமரசேகரவை நாவலாசிரியராக நம்மில் சிலர் அறிவோம். தொழிலால் பல் வைத்தியர். நளின் டி சில்வா கணிதப் பேராசிரியர். இடதுசாரியாக இருந்து வந்தவர். 1986இல் 'மகே லோகய' எழுதினார். 1980களில் இவ்விருவரும் முன்வைத்ததே 'ஜாதிக சிந்தனய'. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நின்று, 1977இன் திறந்த பொருளாதாரத்தையும் ஆங்கிலம் பேசும் மேட்டுக்குடியையும் மார்க்சியத்தையும் ஒருசேர எதிர்த்தது இது. மேற்கின் அறிவு மட்டுமே அறிவு என்பதை ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்டார்கள். வாசித்தபோது நான் திடுக்கிட்டேன். இதே கேள்வியை நமது மேடைகளில் நமது ஆட்களும் கேட்கிறார்களே! அவர்களுடைய காயத்தில் பாதி நமக்கும் உள்ளது. வேறுபாடு அடுத்த அடியில் வருகிறது: இந்த மண்ணுக்கு ஒரு பண்பாடே மூலம், மற்றவர் இருக்கலாம், அதன் முதன்மையை ஏற்றுக்கொண்டு இருக்க வேண்டும் என்கிறார்கள். நாம் வாதிட வேண்டிய இடம் இதுதான். அவர்களை மூடர்கள் என்று திட்டுவது இந்த இடத்தைத் தொடக்கூட இல்லை.

இன்னும் பின்னே போனால் அநகாரிக தர்மபால. அவருடைய எழுத்துகளை ஆனந்த குருகே 1965இல் தொகுத்தார். 1915 கலவரத்தை அடுத்து யூன் மாதம் கல்கத்தாவிலிருந்து எழுதிய கடிதத்தில், முஸ்லிம்களை அந்நியர் என்று சொல்லி, ஐரோப்பாவின் யூதர்களுக்கு ஒப்பிடுகிறார்; அதற்கு ஷேக்ஸ்பியரின் ஷைலொக்கை இழுத்து வருகிறார். கவனியுங்கள்: சுதேசச் சிந்தனையின் தந்தை எனப்படுபவர் நம்மீது எறிந்த கல் ஐரோப்பாவில் செதுக்கிய கல். இதைவிட வலுவான மறுப்பு நமக்கு வேண்டுமா? நூலைத் திறந்தால் அல்லவா அது கைக்குக் கிடைக்கும்!

கடலுக்கு அப்பால் சாவர்க்கர் 1923இல் எழுதிய 'ஹிந்துத்வா'வையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். பிதுர்பூமி மட்டும் போதாது, புண்ணிய பூமியும் இந்த மண்ணாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். மக்காவை நோக்கித் தொழுபவன் அதன்படி எவ்வளவு தேய்ந்தாலும் முழுக் குடிமகன் ஆக மாட்டான். இது இந்தியாவின் கதை என்று இருந்துவிட முடியாது. 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற பெயரில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. 1966இல் பம்பாயில் பிறந்த பெயர் அது. வன்னிக்கு வந்து சேர்ந்த வழியை யார் எழுதியிருக்கிறோம்?

என் சொந்தக் கதையும் இதற்குள் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெருவிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறியபோது எனக்குப் பத்து வயது. இரண்டு மணி நேரம் தந்தார்கள். அதற்கு முன் எங்களை 'இஸ்லாமியத் தமிழர்' என்று அழைத்தவர்களும் அவர்களே. நீ நானே என்பவனுக்கு, நீ வேறாக நின்றால் துரோகியாகத் தெரிகிறாய். அணைத்ததும் துரத்தியதும் ஒரே எண்ணத்தின் இரண்டு முகம் என்று எனக்குத் தெளிய முப்பது வருடம் பிடித்தது. தமிழ்த் தேசியத்தின் நூல்களை ஒழுங்காக வாசித்திருந்தால் முந்தியே தெளிந்திருக்கும்.

நம் முன்னோர் இப்படிச் சோம்பி இருக்கவில்லை. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் ஆய்வுரை வாசித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். ஊர்வலம் போகவில்லை; இராமநாதன் காட்டிய சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்பவன் அல்லன். அந்தப் பொறுமையை ஏற்கிறேன்.

வாசித்தால் அவர்களுக்கு மதிப்புக் கொடுத்ததாகும், பிள்ளைகள் மனம் கெடும் என்பார்கள். பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் இந்த எண்ணங்கள் நூலின் பெயர் இல்லாமல், எழுதியவன் பெயர் இல்லாமல் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கின்றன. பெயரோடும் ஆண்டோடும் அறிமுகப்படுத்துவதால் என்ன கெட்டுப்போகும்? 2019இல் நமக்குள்ளிருந்து புறப்பட்ட அந்தக் கூட்டம் என்ன வாசித்தது, எந்தப் பயானைக் கேட்டது என்பதையும் நாம் குண்டு வெடித்த பிறகுதானே தேடினோம்? அயலவனின் நூலை மட்டுமல்ல, நம் வீட்டு அலுமாரியையும் திறக்கச் சொல்கிறேன்.

ஆகவே இவ்விதழின் ஆசிரியர் குழுவிடம் ஒரு கோரிக்கை. இதழுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். தர்மபாலவில் தொடங்கலாம். பிக்குகள் அரசியலுக்கு வரலாம் என்று வாதாடிய வல்பொல ராகுலவின் 1946 நூல், பௌத்த விசாரணைக் குழுவின் 1956 அறிக்கை, அமரசேகர, நளின் என்று வரிசையாக வரட்டும். அவர்கள் சொன்னதை அவர்களே ஒப்புக்கொள்ளும் விதமாகச் சுருக்கித் தாருங்கள். மறுப்பு அதன் பின்னால் வரட்டும். குமாரி ஜயவர்த்தன போன்றவர்கள் வணிகப் போட்டியையும் வர்க்கத்தையும் வைத்து எழுதிய ஆய்வுகள் மறுப்புக்குக் கை கொடுக்கும்.

கேள்வி கேட்ட அந்தப் பொடியன் இப்போது உயர்தரம் படிக்கிறான். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் எனக்கு விளங்கியதைத் தமிழில் எழுதி அவனிடம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திருப்பித் தந்து, "மிச்சம் எங்க சேர்?" என்றான். மிச்சத்தை எழுத எனக்குச் சிங்களம் போதாது. உங்களுக்குப் போதும்.