மாற்றல் உத்தரவும் மடியிலுள்ள காசும்

சென்னையிலிருந்து டெல்லிக்கு மாற்றல் என்றதும் குடும்பஸ்தர் முதலில் விசாரிப்பது லாரி வாடகையைத்தான். ரயில் பாதையில் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் அல்லவா! ஆனால், குடும்பத்தைக் கடனில் தள்ளுவது லாரி அல்ல. காசு போகும் நாளும் வரும் நாளும் ஒத்துப்போகாததுதான்.

டெல்லி வீட்டுக்குக் குடிபுகுமுன் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். சென்னை வீட்டு அட்வான்ஸோ சாவியை ஒப்படைத்த பிறகுதான் திரும்பும். அதிலும் வெள்ளையடிக்கும் கூலி கழியும். சம்பளம் மாதக் கடைசியில். நடுவே பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, குளிருக்குக் கம்பளி, ஸ்கூட்டருக்குத் தடையில்லாச் சான்று. 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு. வட்டிக்கடை வாசலை மிதிப்பது இந்த இடைவெளியில்தான்.

ஆகவே, கணக்கு நோட்டில் தொகையோடு தேதியையும் எழுத வேண்டும். இரண்டு மாதக் குடும்பச் செலவைத் தனியே ஒதுக்க வேண்டும். காஸ் சிலிண்டரை ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பும். பழைய பீரோவை விற்றால் லாரியில் இடமும் மிஞ்சும், கையில் காசும் சேரும்.

மாவரைக்கும் கிரைண்டரை மட்டும் விற்க வேண்டாம். புது ஊரில் ஓட்டல் பில் ஒரே மாதத்தில் சேமிப்பைக் கரைத்துவிடும்!